எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத புல் மிஷின்

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காற்றைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. வீசுகிற காற்றைச் சொல்லவில்லை. பம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற காற்றைச் சொல்கிறேன். கோயமுத்தூரில் பாதிப் பேர் மோட்டார் பம்பு செய்கிறவர்கள், மீதிப் பேர் அதை வாங்கிக் கிணற்றில் இறக்கினவர்கள். எந்த மிஷின் எங்கே நின்றாலும் ஒருத்தர் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ஏர் புடிச்சிருக்குதுங்க" என்று சொல்லிவிடுவார். ஒரு கல்யாண வீட்டில் காப்பி டிரம்மின் குழாய் அடைத்துக்கொண்டதற்கும் அதையேதான் சொன்னார்கள். டிரம்மில் காப்பி தீர்ந்துபோயிருந்தது.

அப்பேர்ப்பட்ட ஊரில், நிஜமாகவே காற்றுப் புகுந்து ஒரு மிஷின் நின்றபோது, அதற்குக் காரணம் நான் என்று முடிவு கட்டினார்கள். தாலி இல்லாத கழுத்தோடு அதன் எதிரில் நின்றேனாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. சூலூருக்கு அப்பால் ஒரு நூல் மில். மில்லை ஒட்டி முதலாளியின் பங்களா, பங்களாவைச் சுற்றிப் பெரிய புல்தரை. அந்தப் புல்தரையையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் நான். தாவரவியலில் பட்டம் வாங்கியிருந்தேன். என் வீட்டுக்காரர் முதலாளிக்குத் தூரத்துப் பங்காளி. அவர் விபத்தில் போன பிறகு, "நம்ம புள்ள, எங்க போகும் பாவம்" என்று சொல்லி இந்த வேலையைக் கொடுத்தார்கள். மில் ஆட்கள் குடியிருக்கும் வரிசையில், லைன் என்போம், ஒரு வீட்டையும் கொடுத்தார்கள்.

அந்த 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் வீடு பிடித்திருந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் குழாய். அதை விட்டால் எனக்கு உடுமலைப்பேட்டையில் அண்ணன் வீடுதான் கதி. அண்ணன் நல்லவர். ஆனால் அங்கே எனக்கென்று இருந்தது தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பாய். அண்ணி காலையில் வெளியே கிளம்பும் முன், நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக்கூட நேரம் பார்த்து எழுந்த மாதங்கள் அவை. அதனால் லைன் வீட்டின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதில் எனக்கு ஒரு திமிரே இருந்தது. இருக்கட்டுமே, அந்த ஒன்றுதான் இருந்தது.

முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வரவேற்பை மண்டபத்தில் வைக்காமல் புல்தரையிலேயே வைப்பதாக முடிவு. ஏற்றுமதி வியாபாரத்துக்காக வெளிநாடு போய்வந்தவர்களிடம் அப்போது இந்த வியாதி பரவியிருந்தது. அதற்காக நீலகிரியில் ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து, உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் மிஷின் ஒன்றைப் பழசாக வாங்கி லாரியில் இறக்கினார்கள். சின்ன டிராக்டர் போல இருக்கும், வயிற்றுக்கடியில் பிளேடு. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. காலடியில் ஒரு மிதி. முன்பக்கம் அழுத்தினால் முன்னால் போகும், பின்பக்கம் அழுத்தினால் பின்னால் போகும், காலை எடுத்தால் அப்படியே நின்றுவிடும். எண்ணெயை ஒரு பம்பு தள்ள, அந்த எண்ணெய் சக்கரத்தைச் சுற்றுகிறது. முதலாளி வெளிநாட்டில் இதே மாதிரி ஒன்றை ஓட்டியிருக்கிறாராம். "காலை எடுத்தா போதும், பிரேக்கே வேண்டாமுங்க, டக்குனு நிக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமை பீற்றிக்கொண்டிருந்தார்.

நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டார்கள். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். புது வண்டியின் சக்கரம் பழத்தை நசுக்கிக்கொண்டு போனால்தான் திருஷ்டி கழியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். டெம்போவோ, லாரியோ, பிள்ளைக்கு வாங்கின மொபெட்டோ, பழத்தை நசுக்காமல் எதுவும் வாசல் தாண்டாது. மில் டிரைவர் அண்ணன் பயபக்தியோடு ஏறி உட்கார்ந்தார். நான் புல்தரையில், மிஷினுக்கு நேர் எதிரில் நின்றேன். எந்தப் பக்கம் ஈரம், எங்கே சறுக்கும் என்று எனக்குத்தானே தெரியும். "இப்படியே நேரா வாங்கண்ணா" என்று கை காட்டினேன்.

அவர் மிதியை அழுத்தினார். மிஷின் ஊளையிட்டது. ஒரு விரற்கடை நகர்ந்து, உடம்பு முழுக்க நடுங்கி, பழத்தில் மோதி நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஊளை, மறுபடி நடுக்கம். பழம் அப்படியே முழுசாக இருந்தது. கூட்டத்தில் எல்லாரும் முதலில் பழத்தைப் பார்த்தார்கள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

உடனே களத்தில் இறங்கியவர் முதலாளியின் மச்சினர். ஊருக்குள் கணபதி என்கிற பகுதியில் பம்பு பவுண்டரி வைத்திருந்தார். உலகத்தில் ஓடுகிற எல்லாமே தன் பவுண்டரியில் செய்த பம்பின் அக்கா தங்கச்சி என்பது அவர் நினைப்பு. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏர் புடிச்சிருக்குதுங்க மாமா. பத்து நிமிஷம் குடுங்க, எடுத்துப் போடறேன்" என்றார்.

சொன்னது என்னவோ சரிதான். வியாதியின் பெயர் சரி, வைத்தியம்தான் மாட்டு வைத்தியம். டீசல் இஞ்சினில் காற்றுப் பிடித்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார். ஸ்பேனரை வாங்கி, பின்னால் எண்ணெய்ப் பெட்டியில் கண்ணில் பட்ட ஒரு போல்ட்டைத் தளர்த்தினார். டிரைவர் அண்ணனை மிதியை மிதித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். போல்ட்டின் வாயில் நுரை நுரையாக எண்ணெய் பொங்கியது. "பாத்தீங்களா, காத்து வெளிய வருது!" என்று மீசையைத் தடவிக்கொண்டார். காற்று வெளியே வரவில்லை ஐயா, அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது! கசிவு நிற்காமல் போகவே பார் சோப்பு கேட்டு வாங்கிக் குழைத்து அப்பினார். கிணற்று மேட்டில் பம்பு ஒழுகினால் சாணி அப்புகிற கை, சோப்போடு நிறுத்திக்கொண்டதே புண்ணியம். அதற்கப்புறம் மிஷின் அந்த ஒரு விரற்கடைகூட நகரவில்லை, ஊளை மட்டும் இரண்டு மடங்கானது.

தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கும் என்று ஒத்துக்கொள்ள எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு உயிரே போய்விடும். மச்சினர் கையைத் துடைத்தார். "மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. இது வேற சமாச்சாரம்" என்றார். அந்த 'வேற சமாச்சாரம்' என்ன என்று யாரும் கேட்கவில்லை. முதலாளியின் மனைவி மட்டும் என்னைப் பார்த்து, மெதுவாக, வாஞ்சையாகச் சொன்னார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏன் கண்ணு, நீ எதுக்கால நிக்காம அக்கட்டால நின்னிருக்கலாமில்ல?"

எதுக்கால என்றால் எதிரில், அக்கட்டால என்றால் தள்ளி, ஓரமாக. எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் நாக்கில் தேன் தடவிக்கொண்டு பேசுவார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறோமாம், கண்ணு என்கிறோமாம். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதும் நாங்கள் 'ங்க' போடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் டிரைவர் அண்ணன் லைன் வீட்டு வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அம்மணி, அக்கா சொல்லச் சொன்னாங்க. கல்யாண ஊடு பாருங்க. கல்யாணத்துக்குன்னு மொத மொத வாங்கின வண்டியே இப்படி ஆயிப்போச்சு. அதனால நீங்க வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க அண்ணன் ஊட்டுக்குப் போயி கொஞ்ச நாளைக்கு இருக்கச் சொன்னாங்க."

"கொஞ்ச நாளைக்குன்னா எத்தன நாளைக்குங்கண்ணா?"

"அது தெரியலீங்க. ஊட்டுச் சாவியை மட்டும் ஆபீஸ்ல குடுத்துப்போட்டுப் போகச் சொன்னாங்க."

சாவியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நாள்! அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்தேன், அந்தத் தேங்காய் மூட்டைகளின் வாசனை அப்போதே மூக்கில் அடித்தது. போக மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு பழம் நசுங்காததற்கு நான் ஊரைவிட்டுப் போவதா?

முகத்தைக் கழுவிக்கொண்டு மில் ஆபீசுக்குப் போய், எஸ்டேட் பங்களாவுக்குப் போன் போட்டேன். மிஷினை அங்கே ஓட்டிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிடச் சொன்னேன். வந்தான் ஒருத்தன். அப்பப்பா, என்ன வாய்! போனில் பேசுகிறானா, மலையிலிருந்து நேராகக் கத்துகிறானா என்று தெரியவில்லை.

"நகரலையா? எப்படி நகரும்? விக்கறதுக்கு முன்னாடி ஆயில் மாத்தினோம். மாத்தினா காத்து எடுக்கணும். அதுக்குள்ள லாரி வந்துடுச்சு, தள்ளி ஏத்தி விட்டுட்டோம். வாங்கினவங்க எடுத்துக்குவாங்கன்னு எங்க ஆளுங்க சொன்னாங்க."

"எப்படி எடுக்கறதுங்க?"

"ஏம்மா, கோயமுத்தூர்ல இருந்துதானே பேசறே? ஊரு பூரா பம்பு செய்யறீங்க, உங்ககிட்ட ஒருத்தனுக்கும் தெரியாதா? நான் ஒருத்தன்தான் இருக்கேனா இந்த உலகத்துக்கு?"

கேட்டுக்கொண்டேன். அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. பத்து நிமிஷம் தன் பெருமையைப் பேசிவிட்டு, நடுவில் போனால் போகிறது என்று வழியையும் சொன்னான். எந்த போல்ட்டையும் திறக்கக் கூடாது. பின் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். மிஷினுக்குப் பின்னால், கீழே, ஒரு லிவர் இருக்கும். அதை இழுத்துவிட்டால் எண்ணெய் சக்கரத்தைத் திருப்பாமல் சும்மா சுற்றி வரும். அப்படியே இஞ்சினை ஓட்டி, மிதியை முன்னும் பின்னும் மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு லிவரை உள்ளே தள்ளிவிட்டு அதையே திரும்பச் செய்ய வேண்டும். காற்று தானாகவே, மேலே எண்ணெய் ஊற்றுகிற பாட்டிலுக்கு ஏறிப் போய்விடும். அவ்வளவுதான் சங்கதி. சாந்தி, பரிகாரம், அண்ணன் வீடு எதுவும் தேவையில்லை.

டிரைவர் அண்ணன் முதலில் பயந்தார். "அக்காவுக்குத் தெரிஞ்சா என்ர சோத்துல மண்ணுங்க அம்மணி" என்றார்.

"இப்ப மட்டும் என்னங்கண்ணா? ஓட்டத் தெரியாத டிரைவருன்னு வாட்ச்மேன்கூடச் சிரிக்கறாரு" என்றேன். அந்தக் குத்து வேலை செய்தது. மத்தியானம், பங்களாவில் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, மிஷினைத் தள்ளிப்போய் நிறுத்தியிருந்த ஷெட்டுக்கு லாரி ஜாக்கியோடு வந்தார்.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். பின்புறத்தை ஜாக்கியில் ஏற்றிக் கட்டை கொடுத்தோம். மச்சினரின் சோப்பைச் சுரண்டி எடுத்து, அந்த போல்ட்டை இறுக்கி, குறைந்திருந்த எண்ணெயை ஊற்றினேன். டிரைவர் அண்ணன் ஏறி உட்கார்ந்தார், நான் பின்னால் குத்துக்காலிட்டு லிவரை இழுத்தேன். மிதியை முன்னால் அழுத்தினார், விட்டார், பின்னால் அழுத்தினார். சக்கரம் அசையவில்லை, பாட்டிலில் மட்டும் குமிழ் கிளம்பியது. அப்புறம் நிறுத்தி, லிவரைத் தள்ளிவிட்டு, திரும்ப ஓட்டச் சொன்னேன். சக்கரம் ஒரு வெட்டு வெட்டியது. நின்றது. நடுங்கியது. மறுபடி சுற்றியது. பாட்டிலில் எண்ணெய் இறங்க இறங்க நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஊளை தேய்ந்து, கடைசியில் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. டிரைவர் அண்ணன் வாயெல்லாம் பல்லாக, "போயிருச்சுங்க அம்மணி, காத்து போயே போயிருச்சு!" என்று கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவி இடுப்பில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவரே போய்ச் சொன்னார், மிஷின் ஓடுகிறது என்று. முதலாளி, அக்கா, மச்சினர் மூன்று பேரும் வந்தார்கள். மறுபடியும் தாம்பாளம், கற்பூரம், சக்கரத்துக்கடியில் பழம். புல்தரை ஓரத்தில் மிஷின் நின்றது. கடைசி நேரத்தில் லிவர் சரியாக உள்ளே இருக்கிறதா என்று பார்க்க நான் மிஷினுக்குப் பின்னால் போனேன். டிரைவர் அண்ணன் மிதியை அழுத்தினார். பழம் இரண்டும் 'பொச்'சென்று நசுங்கின. மிஷின் புல்தரையில் வழுக்கிக்கொண்டு போய், திரும்பி வந்து நின்றது.

இப்போது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். என்னென்னவோ வேண்டாம், 'சரி, போகாத, இருந்துக்க' என்று ஒரு வார்த்தை போதும்.

"நான் நேத்தே அந்த போல்ட்டை லூஸ் பண்ணி உட்டேனில்லீங்க, அதான் காத்து மெதுவா எறங்கியிருக்குது" என்றார் மச்சினர்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா? இன்னைக்கு அவ எதுக்கால நிக்கல. பின்னால நின்னா. வண்டி போயிருச்சு."

அடிப் பாவி! எனக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது. என்னைக் காப்பாற்றும் என்று நான் முழங்கையில் எண்ணெய் ஒழுகச் செய்த வேலையை, அப்படியே மடக்கி எனக்கே சாட்சியாக வைத்துவிட்டார். விறுவிறுவென்று நடந்து போய் மிஷினுக்கு எதிரில் நின்றேன்.

"அண்ணா, வண்டியை எடுங்க. என்னைப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

அவர் முதலாளியைப் பார்த்தார். பிறகு மிதியை அழுத்தினார். மிஷின் கிளம்பி, ஜோராக, நேராக வந்தது. நான் நகரவில்லை. நகர்ந்தால் நான் தோற்றேன் என்று அர்த்தம். என் முழங்காலுக்கு ஒரு முழம் இருக்கும்போது, அந்த நல்ல மனுஷர் பதறிப்போய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். காலை எடுத்தால் அது என்ன செய்யும்? நிற்கும். டக்கென்று நின்றது.

"ஐயோ சாமி! நின்னுபோச்சு பாருங்க!" என்றார் அக்கா. "அவளைக் கண்டதும் நின்னுபோச்சு!"

சிரிப்பதா, மண்ணை வாரித் தூற்றுவதா? நான் முதலாளியிடம் திரும்பினேன். அந்த மூன்று பேரில் மச்சினர் ஒரு முட்டாள். அக்கா பயந்தவர். எனக்கு அவர்கள் மேல் இருந்தது வெறும் எரிச்சல்தான். ஆனால் இந்த மனுஷருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான்.

"வண்டி ஏன் நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? காலை எடுத்தா நிக்கும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? இப்ப அக்காகிட்டச் சொல்லுங்க."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு பதமாக, "அதெல்லாம் எதுக்கு அம்மணி இப்ப? கல்யாண நேரத்துல வம்பு வேண்டாம். நீ கொஞ்சம் அக்கட்டால நின்னுக்க கண்ணு, போதும்" என்றார்.

படித்த மனுஷர், உலகம் சுற்றினவர், ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். அவர் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொல்லத் துப்பு இல்லை. அன்றைக்கு என் மனசில் அவர் விழுந்தது விழுந்ததுதான், இன்று வரை எழுந்திருக்கவில்லை.

"நீங்க எறங்குங்கண்ணா" என்றேன் டிரைவர் அண்ணனிடம். அவருக்கு அதுவே விடுதலை, குதித்து இறங்கினார். தாம்பாளத்தில் ஒரு பழம் மிச்சம் இருந்தது. பூஜைத் தாம்பாளத்தில் கை வைத்து அதை எடுத்தேன். பழத்தை முன் சக்கரத்தடியில் வைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். மிஷின் சாவியைத் திருகினேன். மிதிமேல் கால் வைத்து நிமிர்ந்து பார்த்தால், எனக்கு நேர் எதிரில், பட்டுச் சேலையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா," என்றேன், எங்கள் ஊர் மரியாதை ஒரு துளிகூடக் குறையாமல், "எதுக்கால நிக்கறீங்க. கொஞ்சம் அக்கட்டால நின்னுக்குங்க."

அவர் தள்ளி நின்றுகொண்டார். பழம் நசுங்கியது. பிளேடை இறக்கிவிட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் புல்லை ஒரே நேராக வெட்டிக்கொண்டு போனேன். அவர்கள் கெடு வைத்த வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போனேன். வராதே என்று யாரும் சொல்லவில்லை.